டைபாய்டு என்று சொன்னோம்

காலை பதினொன்றே கால் மணிக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், ஸ்கேன் அறை வாசலுக்கு மேலே தொங்கிய கடிகாரம். உள்ளே ஒருவர்தான் வரலாம் என்றார்கள். எனக்கு ஆஸ்பத்திரி வாடைக்கே தலை சுற்றும் என்பதால் மகளோடு அவளுடைய அப்பா போயிருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோய் பதினொன்றே காலுக்குத் தொடங்கவில்லை. அது அவள் பிறக்கும்போதே கூட வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் தொடங்கியது வேறு. ஸ்கேன் படத்தோடு கதவைத் திறந்து வெளியே வந்த என் கணவர், பிள்ளைக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால், என் காதருகே குனிந்து சொன்னார்: "யார்ட்டயும் சொல்லிராத."

மகளுக்கு அப்போது ஆறு வயது. கல்யாணமாகிப் பல வருடம் கோயில் குளமென்று அலைந்தபின் பிறந்தவள். அவள் தும்மினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஒரு வயது நிறையும் முன்பே காய்ச்சல் வர ஆரம்பித்தது. சளி இருக்காது, இருமல் இருக்காது, காய்ச்சல் மட்டும் அனலாக அடிக்கும். மருந்து கொடுத்தால் மூன்றாம் நாள் இறங்கும். ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி வரும். திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது: சூடு. வெயில் ஊர், பிள்ளைக்குச் சூட்டு உடம்பு. தொப்புளில் விளக்கெண்ணெய் வை. இளநீர் கொடு. வெந்தயம் ஊற வை. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று அவள் அழுதால் அதுவும் சூடு. நான் பட்டப்படிப்பு படித்தவள், ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நானும் விளக்கெண்ணெய் வைத்தேன். போன இடத்து டாக்டர்களும் ஆளுக்கொரு பாட்டில் மருந்து எழுதிக் கொடுத்தார்களே தவிர, சிறுநீரைச் சோதித்துப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

சொன்னவர் புதிதாக வந்த ஒரு குழந்தைகள் டாக்டர், பெண். "காரணம் தெரியாம திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்தா முதல்ல யூரின்தாம்மா பாக்கணும். இத்தனை வருஷமா யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். சோதனையில் கிருமி இருந்தது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது. எங்கோ அடைப்பு இருக்கலாம், அல்லது சிறுநீர் பின்னால் திரும்பிப் போகலாம், எது என்று மதுரையில் ஒரு சோதனை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

அந்தச் சோதனையை நான் விவரிக்கப்போவதில்லை. மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்தை நிரப்பி, பிள்ளை சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்பார்கள். அவள் கழிக்கவில்லை. வெட்கம். முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நிற்க, மேசையில் படுத்துக்கொண்டு எப்படிப் போவாள்? தலை சுற்றினாலும் பரவாயில்லை என்று இந்த முறை நான்தான் கூட இருந்தேன். "போ சாமி, போயிரு" என்று நான் கெஞ்ச, "இங்கயாம்மா? இங்க போனா அடிக்க மாட்டாகளா?" என்று கேட்டாள். கடைசியில் போனாள். திரையில் அந்த வெள்ளை மருந்து கீழே இறங்குவதற்குப் பதிலாக இடது பக்கம் மேலே ஏறியது. சிறுநீரகம் வரைக்கும் ஏறி, அங்கே பூப்போல விரிந்து நின்றது.

திண்டுக்கல் திரும்பியதும் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து விளக்கினார். அடைப்பு இல்லை. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாகக் கொஞ்ச தூரம் ஓடித்தான் உள்ளே திறக்க வேண்டும். அப்போதுதான் பை நிறையும்போது சுவர் அழுத்திக் குழாயின் வாயை மூடும். இவளுக்கு அந்த ஓட்டம் போதவில்லை, குழாய் கிட்டத்தட்ட நேராகவே நுழைகிறது. அதனால் பை இறுகும்போதெல்லாம் சிறுநீர் மேலே திரும்புகிறது. அதில் கிருமியும் சேர்ந்துகொண்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழும். விழுந்த தழும்பு ஆறாது.

என் கணவர் பம்பு மோட்டார் விற்பவர். அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. "ஃபுட்வால்வு பிடிக்கல, அதானே டாக்டர்? தண்ணி ரிட்டன் ஆகுது" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான் சார். உங்களுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் புரிஞ்சிருக்கு."

அவருக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ராத்திரி படுக்கும்போது தினமும் கொஞ்சம் மருந்து கொடுக்க வேண்டும், கிருமி சேராமலிருக்க. ஒரு நாள்கூட விடக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். வருகிறதோ இல்லையோ, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை ஒன்றுக்குப் போக வேண்டும், அடக்கக் கூடாது. மலச்சிக்கல் கூடாது. காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இப்படிக் காப்பாற்றிக்கொண்டு போனால் வளர வளரத் தானே சரியாகவும் வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர். கடைசியாக, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி கிட்னி, யூரின் பிரச்சினை இருக்கா? இது சில குடும்பங்கள்ல ஓடும்" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

வீட்டுக்கு வந்ததும் யாரிடம் என்ன சொல்வது என்ற பேச்சு வந்தது. யார் என்று பெயருக்குத்தான் கேட்டோம், மனதில் இருந்தது ஒரே ஆள். என் கணவரின் அக்கா. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடும் கொஞ்சம் ஆடுமாக இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே மகன், என் மகளைவிடச் சில வயது மூத்தவன். என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கிடந்தபோதே மதினி குனிந்து, "வாடி எம் மருமகளே" என்றுதான் கன்னத்தைத் தொட்டார். அன்றிலிருந்து அதுதான் பெயர். விளையாட்டுப் பேச்சு என்று நான் நினைத்தேன். அவர்களுக்கு அது பேச்சு அல்ல, ஏற்பாடு.

"பொம்பளப் புள்ள. அதுவும் அந்த எடத்துல வியாதி" என்றார் கணவர். "நாளைக்கு ஒரு பேச்சு வருமா வராதா?"

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்ன பேச்சு?"

"உனக்கு எங்க ஊரப் பத்தித் தெரியாது. எங்க அக்கா மகனுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தப்ப ஊரே போயிப் பாத்துச்சு. நாமளும் கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆரஞ்சு வாங்கிட்டுப் போகல? அது சொல்ற வியாதி. இது அப்படியா?"

சொல்ற வியாதி, சொல்லக் கூடாத வியாதி. என் மகளின் சிறுநீரகம் இந்தக் கணக்கில் மாட்டியது. பிறகு அவரே, "டைபாய்டுன்னு சொல்லிருவோம். காய்ச்சல் விட்டு விட்டு வருதுல்ல, எல்லாரும் நம்புவாக" என்றார். ராத்திரி மருந்துக்கும் ஒரு பெயர் வைத்தோம்: சத்து மருந்து. பிள்ளையை மடியில் உட்கார வைத்து, "யாரு கேட்டாலும் என்ன சொல்லணும்?" என்று கேட்பார். "டைபாய்டு" என்பாள். "எங்க வலிக்குதுன்னு கேட்டா?" "தலை." "கெட்டிக்காரி" என்று சாக்லேட் கொடுப்பார்.

பள்ளிக்கூடத்திலும் டைபாய்டு என்றே எழுதிக் கொடுத்தார். டைபாய்டு வந்த பிள்ளை எதற்கு அடிக்கடி பாத்ரூம் போகிறது? இரண்டாம் வகுப்பு டீச்சர் இடைவேளையில் மட்டும்தான் விட்டார். அவரை நான் குற்றம் சொல்ல முடியாது. அவரிடம் என்ன சொன்னோமோ அதற்குத் தக்கபடி நடந்தார். சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கால்களை இடுக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடுவாள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோன மாதிரியே நிறைந்து திரும்பி வரும். "குடிச்சா வருதும்மா" என்பாள்.

இருந்தும் ஒரு வருடம் பெரிய காய்ச்சல் இல்லாமல் ஓட்டினேன். மருந்தை ஒரு நாளும் விடவில்லை. காலையிலும் மாலையிலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அலுவலகத்தில் போன் அடித்தால் பள்ளிக்கூடமோ என்று ஓடிப்போய் எடுப்பேன். டாக்டர் படத்தைப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்க. இடது கிட்னி நல்லா வேலை செய்யுது. இதே மாதிரி போனா ஆபரேஷன் வேணாம்" என்றார். அன்றைக்கு நாங்கள் மூவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணி சாப்பிட்டோம். எனக்கு நினைவிருக்கிறவரை நான் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது.

கோடை விடுமுறையில் மதினி வந்தார். அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழா. "எம் மருமகளக் கூட்டிட்டுப் போறேன். லீவுதான? ஒரு வாரம் இருந்துட்டு வரட்டும்" என்றார். கல்லூரியில் அட்மிஷன் வேலை தலைக்கு மேல் இருந்தது. மகளோ ஆட்டுக்குட்டியைப் பார்க்க வேண்டுமென்று குதித்தாள்.

"வேணாம் மதினி, வெயிலு" என்றேன்.

"ஏன் தாயி, எங்க ஊர்ல மட்டும் தனியா வெயிலடிக்குதா? எங்கூட அனுப்ப யோசிக்கிறியா?"

வேண்டாம் என்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. சொல்லக் கூடிய காரணம் இல்லை. கணவரைப் பார்த்தேன். அவர் பைக்குள் மருந்துப் பாட்டிலை வைத்துக்கொண்டே, "அக்கா, ராத்திரி ராத்திரி இந்தச் சத்து மருந்த மட்டும் மறக்காமக் குடுத்துரு" என்றார். "அடிக்கடி ஒண்ணுக்குப் போகச் சொல்லுங்க" என்று மட்டும் நான் சொன்னேன். மதினி சிரித்தார். "அதெல்லாமா சொல்லிக் குடுப்பாக? வாடி மருமகளே, செத்த நேரத்துல பஸ்ஸு வந்துரும்."

தினமும் போன் செய்தேன். நன்றாக விளையாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். பிறகு ஒரு நாள் தூங்குகிறாள் என்றார்கள். மறுநாளும் தூங்குகிறாள் என்றார்கள். அதற்கு மறுநாள் மதியம், கல்லூரியில் விண்ணப்பம் வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தபோது மதினி கூப்பிட்டார்.

"பதறாத தாயி. புள்ளைக்கு மறுபடி டைபாய்டு வந்துருச்சு."

"மறுபடின்னா? எப்பருந்து காய்ச்சல்?"

"மூணு நாலு நாளாச்சு. நீங்க ரெண்டு பேரும் பயந்துக்குவீகன்னுதான் சொல்லல. டாக்டர்ட்டக் காட்டிட்டோம். மாத்திரை குடுத்தாரு. கஞ்சி மட்டும் குடுக்கச் சொன்னாரு. ஆனா இறங்கல, இன்னைக்கு வாந்தி வேற எடுக்குறா."

வண்டி பிடித்துப் போனோம். வழி நெடுகக் காய்ந்த காடு, வேலி முள். மகள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. தொட்டால் கை சுட்டது. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாமல் மறைக்கிற மாதிரி, சட்டைக்கு உள்ளே.

திண்டுக்கல்லில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு அனுப்பினார்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. பிழைப்பாளா என்று நான் கேட்டேன். அங்கிருந்த டாக்டர் கையிலிருந்த பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "யூரின் மேல திரும்புற ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் இத்தனை நாள் காய்ச்சலுக்கு யூரின் பாக்காம டைபாய்டு மாத்திரையா?" என்று கேட்டார். கிராமத்து டாக்டர் மதினியிடம் கேட்டிருக்கிறார், முன்னால் என்ன காய்ச்சல் வந்திருக்கிறது என்று. டைபாய்டு என்று சொல்லியிருக்கிறார் மதினி. எங்களிடம் கேட்டிருந்தாலும் ஊரார் முன்னால் அதைத்தான் சொல்லியிருப்போம்.

அங்கிருந்துதான் கணவர் மதினிக்குப் போன் செய்து கத்தினார். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "டைபாய்டு இல்ல! கிட்னி! மூத்திரம் மேல ஏறி கிட்னி அழுகுது! மூணு நாலு நாளா வீட்ல போட்டு வச்சிருந்தியா?" ஒரு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை முன்பின் தெரியாத அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார். "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு காலை அவள் கண்ணைத் திறந்து இட்லி கேட்டாள். ஊட்டிக்கொண்டே கேட்டேன்: "வலிக்குதுன்னு அந்த டாக்டர்ட்டச் சொன்னியா சாமி?"

"எங்க வலிக்குதுன்னு கேட்டாரும்மா. தலைன்னு சொன்னேன்."

"ஒண்ணுக்குப் போறப்ப?"

"எரிஞ்சுச்சு. ஆனா சொல்லல." பிறகு என் முகத்தைப் பார்த்து, பாராட்டுவேன் என்ற எதிர்பார்ப்போடு சொன்னாள்: "அத்தை எத்தனை வாட்டி கேட்டாக தெரியுமா? நான் யார்ட்டயும் சொல்லவே இல்லம்மா."

பக்கத்தில் நின்றிருந்த கணவர் வெளியே போய்விட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இன்றுவரை முழுதாக வரவில்லை.

சில மாதம் கழித்துத் தழும்பு பார்க்கும் ஸ்கேன் எடுத்தோம். வலது சிறுநீரகம் அவரை விதைபோலத் தெளிவாக நிறைந்து தெரிந்தது. இடது, ஓரங்கள் அரித்துப்போய், சுருங்கி, மங்கலாகத் தெரிந்தது. ஆபரேஷன் செய்து குழாயைச் சரியாக நுழைத்துத் தைக்கலாம், மிச்சமிருப்பதைக் காப்பாற்ற. போனது திரும்பாது என்றார்கள். அதற்கு நாளும் குறித்தார்கள். அவள் வாழ்நாள் முழுக்க இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நாளை அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வந்தால் அப்போதும் பார்க்க வேண்டும். நல்லா வச்சிருக்கீங்க என்று சொன்ன டாக்டர் இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்தார்.

அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஒரு பேச்சும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா, "எங்க அண்ணன் பேத்திக்கும் இதே தொந்தரவுதான், மதுரையிலதான் பாக்குறாக" என்று காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். எந்த வாய்க்குப் பயந்து என் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கினோமோ, அந்த வாய் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வராதவர் மதினி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கு வரவில்லை. போனும் இல்லை. தம்பி கத்திய கோபம் என்று கணவர் சொன்னார். குற்ற உணர்ச்சி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம், ஒரு மதியம், மதினி வந்தார். தனியாக, டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தார். பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்து வைத்தார். அடியிலிருந்து பாலித்தீன் பையில் சுற்றிய மருந்துப் பாட்டிலை எடுத்து வைத்தார். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"காய்ச்ச நேரத்துல சத்து மருந்து வயித்துல மந்திக்கும்னு, காய்ச்ச வந்த மொத நாளே நிறுத்திட்டேன்" என்றார். "சத்து மருந்துன்னுதான தம்பி சொன்னான்."

கணவர் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மதினி சொம்பை வாங்கி, குடிக்காமல், மடியில் வைத்துக்கொண்டார்.

"குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கான்னு டாக்டரு கேட்டிருப்பாகளே?"

"கேட்டாக மதினி. இல்லன்னு சொன்னோம்."

"அவுக கேப்பாக. எங்கள்ட்டயும் கேட்டாக" என்றார். உள்ளறையில் மகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். மதினி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

"எம் மகனுக்கு நடந்தது குடல்வாலு இல்ல தாயி. நீங்க கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீகளே, அது மூத்திரப் பாதையில கோளாறு. இதே மாதிரி மேல ஏறி, ஒரு பக்கத்துக் கிட்னி வீங்கிப் போச்சு. சொந்தத்துல சின்னப் புள்ளைக இருந்தா சொல்லிருங்க, சோதிச்சுப் பாக்கட்டும்னு அந்த டாக்டரு அம்புட்டு தடவ சொன்னாரு. உங்க காதுல விழுந்தா நாளைக்குப் பொண்ணு தர யோசிப்பீகன்னு, நாங்கதான் குடல்வாலுன்னு சொல்லிட்டோம்."